ஒளியால் இயங்கும் ஆன்டிபயாடிக் அப்பாவின் கால் புண்ணை ஆற்றுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 59 வயது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு வெளியூருக்கு அனுப்பும் தொழில். 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு முன்பு வலது கால் பெருவிரலின் கீழே மீன் முள் குத்திய இடம் புண்ணாகி, இன்னும் ஆறவில்லை. தம்பி மருந்துக்கடையில் கேட்டு செபிக்சிம் மாத்திரை வாங்கிக் கொடுத்தான். வீக்கம் வற்றியதும் அப்பா நிறுத்திவிட்டார். மறுபடி வீங்கியபோது மறுபடியும் அதே மாத்திரை. இப்போது அரசு மருத்துவமனையில் காட்டுகிறோம். சீழைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) செய்ததில் ‘க்ளெப்சியெல்லா’ என்று வந்திருக்கிறது. பட்டியலில் பெரும்பாலான மருந்துகளுக்கு எதிரே ‘ஆர்’ (ரெசிஸ்டன்ட், அந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது) என்று போட்டிருக்கிறார்கள். தினமும் ஊசி போடுகிறார்கள். அது சிறுநீரகத்தைப் பாதிக்குமோ என்று பயமாக இருக்கிறது. நெதர்லாந்து விஞ்ஞானிகள் ஒளியால் இயங்கும் ஆன்டிபயாடிக் கண்டுபிடித்திருப்பதாகக் காணொளி ஒன்றில் பார்த்தேன். எங்கள் பகுதியில் ஒரு கிளினிக்கில் ‘ஒளி சிகிச்சை’ ஒரு தடவைக்கு 1,500 ரூபாய், பத்துத் தடவையில் புண் ஆறிவிடும், ஊசியே தேவையில்லை என்கிறார்கள். போகலாமா? வீட்டில் எட்டு மாதக் குழந்தையும் இருக்கிறது. இந்தக் கிருமி அதற்குத் தொற்றுமா?

– வாசகி, காசிமேடு

பதில் தருபவர்: மருத்துவ நுண்ணுயிரியல் நிபுணர்

அன்புள்ள சகோதரிக்கு,

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிளினிக்குக்குப் போக வேண்டாம். மருத்துவமனையில் போடும் ஊசியை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

நீங்கள் காணொளியில் பார்த்த ஆராய்ச்சி உண்மையானது. அதன் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் அது இன்னும் நோயாளிக்கு எழுதிக் கொடுக்கும் மருந்தாக வரவில்லை, ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அந்தக் கிளினிக்கில் இருப்பது வேறு ஏதோ விளக்கு. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்த ஒளி மருந்து நாளைக்கே கடைக்கு வந்தாலும், உங்கள் அப்பாவின் காலில் இருக்கும் இந்தக் கிருமியை அது கொல்லும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்களைப் போல் நம்பிக்கையோடு தேடுகிறவர்கள் பலர். அந்த நம்பிக்கையைக் காசாக்க நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் பல்கலைக்கழகத்தின் பென் ஃபெரிங்கா, மூலக்கூறு இயந்திரங்களுக்காக 2016இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். அவருடைய குழு 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. குயினலோன் என்பது ஓர் ஆன்டிபயாடிக் வகை; சிப்ரோஃப்ளாக்சசின் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அந்த மூலக்கூறோடு அசோபென்சீன் என்ற பகுதியை அவர்கள் இணைத்தார்கள். நடுவில் இரட்டைப் பிணைப்பில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள், இரு பக்கமும் ஒவ்வொரு பென்சீன் வளையம், அவ்வளவுதான் அசோபென்சீன். இருட்டில் அது நீண்டு கிடக்கும். 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளி பட்டதும் வளைந்துவிடும். வளைந்த நிலையில் மருந்து பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுக்கிறது. நீண்ட நிலையில் அதன் வலிமை மிகக் குறைவு. ஒளியை அகற்றிவிட்டால் சில மணி நேரத்தில் அது தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். வடிவத்தை விட்டுவிட்டு, வேலையை மட்டும் பார்த்தால் ஒரு மடக்குக் கத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒளி அதை விரிக்கிறது; வேலை முடிந்த பிறகு தானே மடங்கிக்கொள்கிறது. ஒளி விழுந்த இடத்தில் மட்டும் பாக்டீரியா வளராமல் நிற்பதை அவர்கள் ஆய்வகத் தட்டில் காட்டினார்கள்.

தானே மடங்குவதில் என்ன பெருமை என்று கேட்பீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை ஒன்றை விழுங்கினால், அதில் ஏறத்தாழ பாதி உருமாறாமல், வீரியம் குறையாமல் சிறுநீரில் வெளியே போய்விடுகிறது. வடசென்னையில் அது எங்கே போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாக்கடை, கால்வாய், கழிமுகம், கடல். போகும் வழியெல்லாம் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அந்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சந்திக்கின்றன. சாகிற அளவுக்கு மருந்து கிடைக்காதபோது, அதைத் தாக்குப்பிடிக்கத் தெரிந்தவை மட்டும் பெருகுகின்றன. இதை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில், மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்து வெளியேற்றும் நிலையத்தின் நீரில் ஒரு லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. கார்பாபெனெம் என்ற உயர்நிலை மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்.டி.எம்-1 மரபணுவைப் பற்றிய 2010ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னை நோயாளிகளின் மாதிரிகளும் அதில் இருந்தன. மறு ஆண்டு டெல்லியில் தெருவில் தேங்கிய கசிவுநீரை எடுத்துப் பார்த்தபோது 171 மாதிரிகளில் 51இலும், குழாய்நீரின் 50 மாதிரிகளில் 2இலும் அதே மரபணு இருந்தது. மருத்துவமனைக்குள் மட்டும் இருப்பதாக நாம் நினைத்தது தெருத் தண்ணீரில் கிடந்தது.

உடலை விட்டு வெளியேறும்போதே மருந்து செயலிழந்துவிடுமானால் இந்தப் பயிற்சிக்களம் சுருங்கும். ஒளி படாத குடலில் மருந்து விழிக்காமலே இருக்குமானால், அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்களும் தப்பிக்கும். ஒளி மருந்தின் உண்மையான பெருமை இதுதான். புதிய எதிர்ப்பு உருவாவதை அது மெதுவாக்கக்கூடும்.

ஏற்கெனவே உருவாகிவிட்ட எதிர்ப்பை அது உடைப்பதில்லை. காணொளிகள் இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன என்று நினைக்கிறேன். குயினலோன் மருந்து, பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சுற்றவும் அவிழ்க்கவும் உதவும் கைரேஸ் என்ற நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியா அந்த நொதியின் வடிவத்தைச் சற்றே மாற்றிக்கொண்டிருக்கும், அல்லது உள்ளே வரும் மருந்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஒளியில் விழித்த குயினலோனும் தட்ட வேண்டியது அதே கதவைத்தான். உங்கள் அப்பாவின் கல்ச்சர் அறிக்கையில் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு எதிரே ‘ஆர்’ இருக்குமானால், அந்தக் குடும்பத்து ஒளி மருந்தும் அங்கே திணறவே செய்யும்.

வேறு தடைகளும் உண்டு. புற ஊதா ஒளி சதையின் ஆழத்துக்குப் போகாது. நம் செல்களின் டி.என்.ஏ.வையும் சிதைக்கும். அதனால் அதே குழு 2017இல் ட்ரைமெத்தோப்ரிம் என்ற பழைய மருந்தை எடுத்துக்கொண்டு, 652 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் விழிக்கும் வடிவம் ஒன்றை உருவாக்கியது. ஒளி பட்ட பிறகு அதன் வீரியம் எட்டு மடங்குக்கு மேல் கூடியது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் சிவப்பு ஒளியும் சதைக்குள் சில மில்லிமீட்டர்தான் போகும். பாதத்தின் எலும்பு வரை அது எட்டாது.

அசோ பிணைப்பு, அதாவது அந்த இரண்டு நைட்ரஜன் அணுக்களின் பிணைப்பு, உடலுக்குள் அப்படியே நிற்குமா என்ற கேள்வியும் இருக்கிறது. பாக்டீரியா நோய்களுக்கான நவீன மருந்துகளின் தொடக்கக் காலத்திலேயே இந்தப் பிணைப்புக்கு இடமுண்டு. 1930களில் ஜெர்மனியில் கெர்ஹார்ட் டோமாக் கண்டறிந்த ப்ரொன்டோசில் ஒரு சிவப்புச் சாயம், அசோ சாயம். அது உடலுக்குள் அந்தப் பிணைப்பில் உடைந்து, உண்மையில் வேலை செய்யும் சல்ஃபா மருந்தை விடுவிக்கிறது என்று 1935இல் பாரிசில் கண்டார்கள். அப்போது உடைந்தது நன்மையாக முடிந்தது. ஒளி மருந்தில் அது உடைந்தால் சுவிட்சே போய்விடும். உடைந்த துண்டுகள் நச்சாகவும் இருக்கலாம். வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். சூரிய ஒளியில் இந்த அலைநீளங்களும் இருக்கின்றன. பகலெல்லாம் துறைமுகத்து வெயிலில் நிற்கும் ஒருவருக்கு இந்த மருந்தைக் கொடுத்தால், புண்ணில் மட்டும் விழிக்க வேண்டியது முகத்திலும் கையிலும் விழித்துக்கொண்டால் என்ன ஆகும்? குளிர்நாட்டு ஆய்வகத்தில் எழாத இந்தக் கேள்வியை நம் ஊர் ஆராய்ச்சியாளர்கள் கையில் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. இதே வகை ஒளிச் சுவிட்ச் மூலக்கூறு ஒன்று, விழித்திரை நோயால் பார்வை இழந்தவர்களிடம் ஆரம்பக் கட்டப் பரிசோதனைக்கு வந்துவிட்டது. கண்ணுக்குள் ஒளி இயல்பாகவே போகிறது. புண்ணின் ஆழத்துக்குப் போவதில்லை.

‘ஒளி சிகிச்சை’ என்ற பெயரில் உலவும் இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது மருத்துவத்தில் உண்மையாகவே இருக்கிறது. மெத்திலீன் ப்ளூ போன்ற சாயத்தைத் தடவி, அதன் மேல் சிவப்பு ஒளியைப் பாய்ச்சுவார்கள். சாயம் ஒளியை உறிஞ்சி, அருகிலுள்ள ஆக்சிஜனைக் கடுமையாக வினைபுரியும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அது பாக்டீரியாவின் சவ்வு, புரதம், டி.என்.ஏ. என்று பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குகிறது. ஒரே கதவை நம்பாததால், எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாவும் இதில் சாகும். இது புதிதும் அல்ல. சாயமும் ஒளியும் சேர்ந்தால் நுண்ணுயிர் சாகிறது என்பதை 1900ஆம் ஆண்டிலேயே மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர் கண்டார். இன்று பல் ஈறு நோய்களில் இதைப் பயன்படுத்துகிறார்கள். கனடாவின் வான்கூவரில் அறுவை சிகிச்சைக்கு முன்பு நோயாளியின் மூக்கில் உள்ள பாக்டீரியாவை இந்த முறையில் குறைக்கிறார்கள். ஆறாத கால் புண்களிலும் சிறிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் இதுவும் மேற்பரப்பு வேலைதான். சீழ் நிரம்பிய குழிக்குள்ளும் எலும்புக்குள்ளும் சாயமும் சேராது, ஒளியும் சேராது. நடக்கும் சிகிச்சையோடு கூட்டிச் செய்து பார்க்கிறார்கள். ஊசியை நிறுத்திவிட்டு அல்ல.

அந்தக் கிளினிக்கில் என்ன சாயம், எந்த அலைநீளம், எவ்வளவு நேரம் என்று கேட்டிருந்தால் பதில் கிடைத்திருக்குமா? பத்துத் தடவைக்கு 15,000 ரூபாய். பணம் மட்டும் போனால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். 15 ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தின் உணர்ச்சி நரம்புகள் மரத்துப்போயிருக்கும் வாய்ப்பு அதிகம். விளக்கின் சூடு சதையைச் சுட்டாலும் அவருக்குத் தெரியாது. இணையத்தில் விற்கும் கிருமிநாசினி புற ஊதா விளக்குகளையும் அவர் காலில் காட்டிவிடாதீர்கள். அவை அறையையும் கருவிகளையும் சுத்தம் செய்பவை, தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும்.

இனி உங்கள் அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியது.

மருத்துவரிடம் அவருடைய தொழிலைச் சொன்னீர்களா? அந்தப் புண் மீன் முள்ளில் தொடங்கியது என்பதைச் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் நாளைக்கே சொல்லுங்கள், ஆய்வகத்துக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். மீனும் கடல்நீரும் கையாளுபவர்களுக்கு வரும் சில கிருமிகளை வழக்கமான கல்ச்சர் காட்டாமல் விடக்கூடும். மைக்கோபாக்டீரியம் மரினம் என்ற ஒன்று 30 டிகிரி வெப்பத்தில்தான் நன்றாக வளரும். அதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நாங்கள் தேடினால்தான் கிடைக்கும். தேட வேண்டும் என்று எங்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். விப்ரியோ என்று இன்னொரு கடல்நீர்க் கிருமி உண்டு. அது வாரக்கணக்கில் காத்திருக்காது. புண்ணுள்ள காலைக் கடல்நீரிலோ மீன் கழுவிய நீரிலோ வைத்த ஓரிரு நாளில் கடும் வலி, காய்ச்சல், கருநீலக் கொப்புளம், வேகமாகப் பரவும் வீக்கம் வந்தால் நள்ளிரவானாலும் ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடுங்கள். புண் ஆறும் வரை அவர் துறைமுகத்து ஈரத்தில் கால் வைக்கக் கூடாது. வருமானம் பாதிக்கும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

கல்ச்சருக்குப் பஞ்சால் மேலே தொட்டு எடுத்தார்களா, புண்ணைச் சுத்தம் செய்து உள்சதையிலிருந்து எடுத்தார்களா என்று கேளுங்கள். மேலே தொட்டு எடுத்த மாதிரியில், புண்ணின் மேல் சும்மா குடியிருக்கும் கிருமியும் வரும். க்ளெப்சியெல்லா உண்மையான குற்றவாளியா, வந்து ஒட்டிக்கொண்டதா என்பது உள்சதையில்தான் தெளியும். எலும்பில் தொற்று இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்களா என்பதையும் கேளுங்கள். பெருவிரலின் கீழே மூன்று மாதமாக ஆறாத புண்ணில் எலும்பைப் பார்க்காமல் விடக் கூடாது. சதையில் மட்டும் தொற்று என்றால் ஆன்டிபயாடிக் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் போதும். எலும்பை எட்டியிருந்து, தொற்றிய எலும்பை அகற்றாவிட்டால் ஆறு வாரம் வரை ஆகலாம். காலில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று டாப்ளர் பார்க்க வேண்டும். ரத்தம் போகாத இடத்துக்கு ஊசி மருந்தும் போகாது.

புண்ணின் மேல் உடல் எடை விழாமல் பார்த்துக்கொள்வது, நேர்மையாகச் சொன்னால், பல நேரங்களில் மருந்தை விடப் பெரிய வேலையைச் செய்கிறது. ஒவ்வோர் அடியிலும் அதே இடம் நசுங்கினால் எந்த மருந்தும் சதையை மூட வைக்காது. கட்டோ, பிரத்தியேகக் காலணியோ, ஆறிய பிறகு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்போ, மருத்துவமனையில் எது தருகிறார்களோ அதை வீட்டுக்குள்ளும் போட வேண்டும். சர்க்கரை மாத்திரை வாங்க நேரமில்லை என்று அவர் சொல்பவராக இருந்தால், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.

சிறுநீரகத்தைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. அமிகாசின், கொலிஸ்டின் போன்ற ஊசிகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும். அதனால்தான் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே போடுகிறோம். போடும் ஊசியின் பெயரையும் கடைசி கிரியாட்டினின் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சிறுநீர் குறைந்தால், காதில் இரைச்சல் கேட்டால், தலை சுற்றினால் உடனே சொல்லுங்கள். வலிக்கு டைக்லோஃபெனாக் போன்ற மாத்திரையைக் கடையில் வாங்கிச் சேர்த்துவிடாதீர்கள்; அந்த ஊசியோடு அது சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. பாதியில் நிறுத்தினால், இப்போது மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு மருந்துகளையும் இழக்க நேரிடும். கொலிஸ்டினைக் காப்பாற்றத்தான் கால்நடை, கோழித் தீவனங்களில் அதைச் சேர்க்க இந்திய அரசு 2019இல் தடை விதித்தது. அவ்வளவு அரிய மருந்து அது.

தம்பியைத் திட்ட வேண்டாம். அப்பா வலியில் துடிப்பதைப் பார்த்துத்தான் ஓடியிருக்கிறான். ஆனால் அவனுக்கு ஒன்று தெரிய வேண்டும். செபிக்சிம், 2013இல் கொண்டுவரப்பட்ட எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. மருத்துவரின் சீட்டு இல்லாமல் கடைக்காரர் அதை விற்கக் கூடாது. விற்றதைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால், சீட்டில்லாமல் தொடக்கூடாத மருந்து என்று அர்த்தம். அந்த மாத்திரையால் ஒரு பகுதிக் கிருமிகள் செத்தன, அதைத் தாங்கியவை நின்றன. இரண்டாம் முறை அவற்றுக்கே இடம் கிடைத்தது. அறிக்கையில் உள்ள ‘ஆர்’ எல்லாமே அவனால் வந்ததல்ல. அந்தக் கிருமி மருத்துவமனையிலோ தண்ணீரிலோ முன்பே எதிர்ப்பைப் பெற்று வந்திருக்கலாம். வீட்டில் மிச்சம் கிடக்கும் அட்டையை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்துவைக்காதீர்கள், சாக்கடையிலும் கொட்டாதீர்கள்.

உங்கள் அப்பாவுக்கு எப்போதாவது டாக்சிசைக்ளின் எழுதித் தந்தால், வெயிலைத் தவிர்க்கச் சொல்லுங்கள். அந்த மருந்து எடுக்கும் காலத்தில் வெயில் பட்டால் தோல் சுட்டதுபோல் சிவந்துவிடும். லெவோஃப்ளாக்சசின் போன்ற குயினலோன் தந்தால் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து திடீரென்று தாழ்ந்துவிடக்கூடும்.

குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். க்ளெப்சியெல்லா காற்றில் பரவி வருவதில்லை; கைகளின் வழியாகத்தான் பெரும்பாலும் வருகிறது. தாத்தா மடியில் குழந்தை உட்காரலாம், விளையாடலாம். கட்டு மாற்றியவர் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தொட வேண்டும். பழைய கட்டுத் துணியை உறையில் இறுகக் கட்டிப் போடுங்கள். மருத்துவமனையிலேயே கட்டு மாற்றினால் இன்னும் நல்லது. தாத்தாவின் துண்டு, படுக்கை விரிப்பு, கால் கழுவும் வாளி தனியாக இருக்கட்டும். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டியில் அவர் கால் கழுவக் கூடாது. ஆரோக்கியமான குழந்தையின் குடலில் இந்தக் கிருமி குடியேறினாலும் பெரும்பாலும் நோய் வராது. அதற்காக இப்போது எந்தப் பரிசோதனையும், எந்த மருந்தும் தேவையில்லை. எப்போதாவது குழந்தையை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் மட்டும், வீட்டில் ஒருவருக்கு இப்படியொரு கிருமி இருந்தது என்று சொல்லி, இந்தக் கல்ச்சர் அறிக்கையின் நகலைக் காட்டுங்கள். முதல் நாளே சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்த மருத்துவருக்கு அது உதவும்.